நெர்ஹா: ஸ்பெயினின் தென்கரை ஊரில் மூன்று இரவு தங்கி வர முழுமையான வழிகாட்டி

மாலகா பக்கம் போகிறவர்களில் பெரும்பாலானோர் நெர்ஹாவை அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். காலையில் சுற்றுலாப் பேருந்தில் வந்து இறங்குவது, குகைக்குள் ஒரு நடை, கடலைப் பார்த்த முற்றத்தில் நாலு படம், கையில் ஒரு ஐஸ்கிரீம், நாலு மணிக்குப் பேருந்து. இப்படிப் பார்த்தவர்கள் "அழகான ஊர்தான், ஆனால் கூட்டம்" என்று சொல்வதில் ஆச்சரியம் இல்லை. கூட்டம் இருக்கும் நேரத்தில் மட்டும் ஊரில் இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மூன்று இரவு தங்குவதாக வைத்துக்கொண்டுதான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இரண்டு இரவுதான் கிடைக்கும் என்றால் எதை விடலாம் என்பதையும் இடையில் சொல்கிறேன்.

அண்டலூசியாவின் மாலகா மாகாணத்தில், மாலகா நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது நெர்ஹா. மக்கள்தொகை 21,000-ஐ ஒட்டி. ஊருக்குப் பின்னால் அல்மிஹாரா மலைத்தொடர் கடல்வரை இறங்கி வருகிறது. 1,500 மீட்டர் உயரமுள்ள சியேலோ சிகரம் தெருவில் நின்றாலே தெரியும். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை இந்த மலை தடுத்துவிடுவதால், ஐரோப்பாவில் எதிர்பார்க்க முடியாத பயிர்கள் இங்கே விளைகின்றன: அவகாடோ, மாம்பழம், நம் சீத்தாப்பழத்தின் உறவான செரிமோயா. ஒரு காலத்தில் கரும்பும் இருந்தது. அந்தக் கரும்பின் தடம் இந்தப் பயணத்தில் மூன்று இடங்களில் எதிர்ப்படும், கவனித்துக்கொண்டே வாருங்கள்.

முதல் படி: மாதத்தை முடிவு செய்வது

மே இரண்டாம் பாதி, ஜூன், செப்டம்பர். இவைதான் என் தேர்வு. கடலில் இறங்கிக் குளிக்க ஆசை இருந்தால் செப்டம்பர். கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர் அப்போதும் இருக்கும், பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டமும் குறையும், மாம்பழமும் கிடைக்கும். ஆகஸ்டைத் தவிருங்கள். ஸ்பெயினே விடுமுறையில் கடற்கரைக்கு வரும் மாதம் அது. அறை வாடகை ஏறும், புர்ரியானா கடற்கரையில் துண்டு விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும்.

குளிர்காலத்தில் நடைக்கு நல்ல வெயில் அடிக்கும், கடல் மட்டும் குளிரும். பிரிட்டனிலிருந்து வந்து இங்கேயே குடியேறியவர்கள் நிறைய இருப்பதால், மற்ற கடற்கரை ஊர்களைப் போல டிசம்பரில் கடைகளெல்லாம் பூட்டிக் கிடக்காது.

திருவிழாவோடு சேர்த்துப் போக விரும்பினால் இரண்டு தேதிகள். ஜூன் 23 இரவு சான் ஹுவான்: கடற்கரையெங்கும் தீ மூட்டி, நள்ளிரவில் கடலில் இறங்குவார்கள். ஜூலை 16 கார்மென் மாதா திருநாள்: மீனவர்களின் காவல் மாதாவின் சிலையைச் சுமந்து வந்து படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். மே 15 சான் இசித்ரோ விழாவும் உண்டு. அலங்கரித்த மாட்டுவண்டிகள் குகைப்பக்கம் ஊர்வலம் போகும். அன்று குகை பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் படி: விசா

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக விடக்கூடாது. கோடைக்கு முன் நேர்காணல் தேதி கிடைப்பதே கஷ்டம் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். பல நாடுகளுக்குப் போகிறீர்கள் என்றால், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பிரான்ஸ், ஜெர்மனி போன்ற ஷெங்கன் நாட்டில் வதிவிட அட்டை இருந்தால் அதுவும் பாஸ்போர்ட்டும் போதும். லண்டனில் வசித்தாலும் பாஸ்போர்ட் இந்தியாவுடையது அல்லது இலங்கையுடையது என்றால் விசா எடுத்தே ஆக வேண்டும். பலர் இதைக் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள். மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள்வரை விசா வேண்டாம்.

மூன்றாம் படி: போய்ச் சேருவது

நெர்ஹாவுக்கு ரயில் இல்லை. இதை முதலிலேயே மனதில் ஏற்றிக்கொண்டால் திட்டம் எளிது. மாலகா விமான நிலையம்தான் வாசல். மட்ரிட்டில் இறங்குகிறவர்கள் அதோச்சா நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் மாலகா மரியா சாம்பிரானோ நிலையத்துக்கு வந்துவிடலாம். விமான நிலையத்திலிருந்தும் அதே நிலையத்துக்குப் புறநகர் ரயில் இருக்கிறது. பேருந்து நிலையம் ரயில் நிலையத்தை ஒட்டியே இருப்பதால் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே போய்விடலாம்.

அங்கிருந்து நெர்ஹாவுக்கு அல்சா பேருந்துகள் நாள் முழுக்க ஓடுகின்றன. சீட்டு எடுக்கும்போது பயண நேரத்தைப் பாருங்கள். நெடுஞ்சாலை வழியாகப் போவது ஒரு மணி நேரத்தில் சேரும். கரையோர ஊர் ஒவ்வொன்றிலும் நின்று போவதற்கு ஒன்றரை மணிக்கு மேல்கூட ஆகும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டும் சில யூரோக்கள்தான். உட்காரும்போது ஓட்டுநருக்கு வலப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்.

நெர்ஹாவில் பெரிய பேருந்து நிலையத்தைத் தேடாதீர்கள். சாலையோரத்தில் ஒரு சின்னச் சீட்டுக் கூண்டு, சில நிறுத்தப் பலகைகள், நிழலுக்கு நெருக்கியடித்து நிற்கும் நாலு பேர். இதுதான் நிலையம். குகை, பக்கத்துச் சிற்றூர்களான மாரோ, ஃப்ரிஹிலியானா எல்லாவற்றுக்கும் இங்கிருந்தே பேருந்து. இறங்கிய கையோடு, ஒட்டியிருக்கும் கால அட்டவணையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு, விடுமுறை நாள் நேரங்கள் வேறு.

கார் வேண்டுமா? பழைய ஊரில் தெருக்கள் குறுகல், நிறுத்த இடம் காசு. இந்த வழிகாட்டியில் வரும் எந்த இடத்துக்கும் கார் தேவையில்லை.

நான்காம் படி: எங்கே தங்குவது

பழைய ஊரில், பால்கனி என்று அழைக்கப்படும் கடலோர முற்றத்துக்கும் காரபேயோ தெருவுக்கும் இடைப்பட்ட பகுதியைத் தேடுங்கள். வெள்ளைச் சுவர் வீடுகள், கடலுக்கு இறங்கும் படிகள், ஐந்து நிமிடத்தில் எல்லாம். முதியவர்களோடு போகிறீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம். ஊர் பாறை மேட்டின்மேல் இருக்கிறது, கடற்கரைகள் கீழே இருக்கின்றன. புர்ரியானாவில் அறை எடுத்தால் கடல் காலடியில் இருக்கும், ஆனால் ஊருக்குள் வர ஒவ்வொரு முறையும் செங்குத்தான ஏற்றம். பாறை விளிம்பில் இருக்கும் அரசு ஓட்டலான பாரதோரில் கடற்கரைக்கு இறங்க லிஃப்ட்டே வைத்திருக்கிறார்கள், ஏற்றம் எப்படி என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

"டுட்டி ஃப்ருட்டி" என்று பெயர் வைத்த ஒரு சதுக்கம் ஊரில் இருக்கிறது. பெயரைப் பார்த்துக் குழந்தைகளுக்கான இடம் என்று அதையொட்டி அறை எடுத்துவிடாதீர்கள். இரவு மதுக்கடைகள் எல்லாம் அங்கேதான்.

ஐந்தாம் படி: வந்த மாலை

முதல் மாலைக்குப் பால்கனி மட்டும் போதும். கடலுக்குள் நீண்டிருக்கும் பாறையின்மேல் பனைமரங்கள் வரிசையாக நிற்கும் ஒரு முற்றம், அதன் பெயர் ஐரோப்பாவின் பால்கனி. முன்பு இங்கே ஒரு கோட்டை இருந்தது. நெப்போலியன் படையோடு நடந்த போரில், 1812-இல், பிரிட்டிஷ் கப்பல்கள் அதை இடித்தன. எஞ்சிய பீரங்கிகளில் இரண்டு இன்னும் கடலைப் பார்த்து நிற்கின்றன, குழந்தைகள் அவற்றின்மேல் ஏறிச் சறுக்குகிறார்கள். கம்பியில் சாய்ந்தபடி நிற்கும் வெண்கல மனிதர் பன்னிரண்டாம் அல்ஃபோன்சோ மன்னர். 1884 கிறிஸ்துமஸ் அன்று இந்தப் பகுதியை ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. சேதத்தைப் பார்க்க அடுத்த மாதம் வந்த மன்னர்தான் இந்தப் பெயரை வைத்தார் என்பது ஊர்க் கதை. பெயர் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது என்பாரும் உண்டு. எப்படியோ, சிலையோடு படம் எடுக்க எப்போதும் ஒரு வரிசை நிற்கும்.

சாயங்காலம் ஏழு மணிக்குமேல் போங்கள். ஜூனில் சூரியன் மறைய ஒன்பதரை தாண்டிவிடும் என்பதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பியிருக்கும். ஊர்க்காரர்கள் குளித்து உடை மாற்றி, பாட்டி, பேரன், தள்ளுவண்டிக் குழந்தை என்று குடும்பமாக உலாவ வருவார்கள். முற்றத்தின் தலைப்பில் எல் சால்வதோர் தேவாலயம், 1697-இல் கட்டத் தொடங்கியது. உள்ளே போய் நிமிர்ந்து மரக்கூரையைப் பாருங்கள். கிறிஸ்தவக் கோயிலுக்குள் அரபு மரபுத் தச்சு வேலை.

ஆறாம் படி: குகை, மாரோ, கால்வாய்ப் பாலம்

இரண்டாம் நாளைக் குகையில் தொடங்குங்கள். நுழைவுச் சீட்டு நேரம் குறித்துத் தருவார்கள். இணையத்தில் முன்பதிவு செய்து, கிடைக்கிற முதல் நேரத்தை எடுங்கள். பத்தரை, பதினொன்று ஆனால் மாலகாவிலிருந்து கூட்டம் வந்துவிடும். ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர், பேருந்தும் உண்டு, சின்னச் சுற்றுலா ரயில் வண்டியும் உண்டு.

1959 ஜனவரி 12 அன்று, வௌவால் பிடிக்கக் கிளம்பிய ஐந்து பையன்கள் ஒரு குறுகிய பிலத்தின் வழியே நுழைந்து, உள்ளே எலும்புக்கூடுகளைப் பார்த்துப் பயந்து வெளியே ஓடிவந்தார்கள். மறுவருடமே குகை மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஐவருக்கும் வாசலில் சிலை இருக்கிறது. உள்ளே ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். நாம் பார்க்க விடுவது மூன்றில் ஒரு பங்கு. சில நூறு படிகள் ஏறி இறங்க வேண்டும், வெளிச்சம் மங்கல், ஈரப்பதம் அதிகம், வெப்பம் ஆண்டு முழுக்க 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். வழுக்காத செருப்பு அல்லது ஷூ அவசியம். முழங்கால் வலி உள்ளவர்கள் வெளியே தோட்டத்தில் உட்காருவது நல்லது.

அவசரப்பட்டு நடக்காதீர்கள். கடைசியாக வரும் பெருங்கூடத்தில் தரைக்கும் கூரைக்கும் இடையே 32 மீட்டர் உயரத் தூண் ஒன்று நிற்கிறது. பத்து மாடி உயரம் என்று வாயால் சொல்லிவிடலாம். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது கண் ஒரே மூச்சில் உச்சிவரை போக மறுக்கிறது. கூரையிலிருந்து சொட்டிய நீரில் கரைந்துவந்த சுண்ணாம்பு படிந்து படிந்து வளர்ந்தது அது. சுற்றிலும் சிதறிக் கிடக்கும் பெரும்பாறைகள் பழைய நிலநடுக்கத்தில் பெயர்ந்து விழுந்தவை. மனிதர்கள் இந்தக் குகைக்குள் சுமார் 41,000 ஆண்டுகளாக வந்துபோயிருக்கிறார்கள் என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்கள் கையிலிருந்த தீவர்த்திகளின் புகைக்கரியை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்கள் வரைந்த ஓவியங்கள் மூடிய பகுதிகளில் இருப்பதால் நம்மால் நேரில் பார்க்க முடியாது.

வெளியே வந்ததும் மாரோவுக்கு நடந்துவிடலாம். ஒரு தேவாலயம், சில தெருக்கள், கடலை நோக்கி இறங்கும் தோட்டங்கள். ஊரோரத்தில் கூரையிழந்து நிற்கும் கட்டடம்தான் பழைய சான் ஹோவாகின் சர்க்கரை ஆலை. கரும்பின் முதல் தடம் இது. அப்புறம் பழைய நெடுஞ்சாலை வழியாக நெர்ஹா நோக்கி வந்தால், பள்ளத்தாக்கின் குறுக்கே நாலு அடுக்கு வளைவுகளோடு ஒரு செங்கல் பாலம் தெரியும். பார்த்தவுடன் ரோமானியர் கட்டியது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் அந்த ஆலைக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டியது. 37 வளைவுகள், உச்சியில் கழுகு வடிவக் காற்றுக்காட்டி, அதனால் கழுகுப் பாலம் என்று பெயர். அரபுகள் கொண்டுவந்த கரும்பு இந்தக் கரையில் ஆயிரம் ஆண்டு விளைந்தது. பக்கத்துக் கிரனாடா கரையில் கடைசி ஆலை 2006-இல் மூடியது. ஆலை போய்விட்டாலும் பாலத்தில் தண்ணீர் பாசனத்துக்கு இன்னும் ஓடுகிறது. சாலையோரம் நடக்கும்போது வண்டிகளைக் கவனியுங்கள், நடைபாதை எல்லா இடத்திலும் இல்லை.

ஏழாம் படி: ஃப்ரிஹிலியானா

மூன்றாம் நாள் காலை மலையேறும் பேருந்து, கால் மணி நேரம்தான். கடலிலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் சரிவில் ஒட்டிய வெள்ளை ஊர். இரண்டு இரவுதான் தங்குகிறீர்கள் என்றால் கடற்கரையை விடுங்கள், இதை விடாதீர்கள்.

மேல்பகுதிதான் பழைய மொரிஸ்கோ குடியிருப்பு. கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளான முஸ்லிம்களை மொரிஸ்கோ என்பார்கள். அவர்கள் கிளர்ந்தெழுந்து, 1569-இல் ஊருக்கு மேலே இருக்கும் பாறையில் நின்று போரிட்டுத் தோற்றார்கள். அந்தக் கதையைப் பன்னிரண்டு பீங்கான் பலகைகளில் எழுதித் தெருச் சுவர்களில் பதித்திருக்கிறார்கள். அவற்றைத் தேடிக்கொண்டே ஏறினால் ஊர் முழுக்கச் சுற்றிவிடலாம், வரைபடம் வேண்டாம். கூழாங்கல் பதித்த படிகள், மழை பெய்தால் வழுக்கும்.

பேருந்து நிற்கும் இடத்துக்கு மேலேயே எல் இன்ஹேனியோ என்ற பெரிய பழைய மாளிகை. கரும்புப்பாகு காய்ச்சும் ஆலை இதற்குள்தான் இருக்கிறது, கரும்பின் இரண்டாம் தடம் இது. ஐரோப்பாவில் இப்படி இன்னும் இயங்குவது இது ஒன்றுதான் என்று பெருமையாகச் சொல்வார்கள். "கரும்புத் தேன்" என்ற பெயரில் புட்டியில் விற்கிறது. கறுப்பாக, அடர்த்தியாக, லேசான கசப்போடு, நம் வெல்லப்பாகு அடிப்பிடிக்கும் நேரத்தில் இறக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. தோசைக்கும் பொருந்தும். கைப்பையில் வைத்தால் விமானத்தில் பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில் வையுங்கள்.

எட்டாம் படி: கடலில் இறங்குவது

மத்தியதரைக்கடல் என்றால் வெதுவெதுப்பாக இருக்கும் என்ற எண்ணத்தோடு வருகிறவர்கள் கணுக்காலோடு நின்றுவிடுவார்கள். ஜிப்ரால்டர் வழியே நுழையும் அட்லாண்டிக் தண்ணீர் இந்தக் கரையை ஒட்டி வருவதால் ஆகஸ்டில்கூட 22, 23 டிகிரிதான் சாதாரணம். மணலும் பொடி வெள்ளை மணல் இல்லை. சாம்பல் நிறம், பருக்கை, இடையிடையே கல். ரப்பர் செருப்பு கொண்டுபோங்கள்.

பால்கனிக்குக் கீழே இருக்கும் கலாவோந்தா சின்னது, படத்துக்கு அழகு. குளிக்க வசதியானது புர்ரியானா: நீளம், உயிர்காப்பாளர், கழிப்பறை, உணவகங்கள். மேற்கே எல் பிளாயாசோவில் கூட்டம் குறைவு. சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக்கூடாது, மஞ்சளுக்கு எச்சரிக்கை. லெவாந்தே எனப்படும் கீழைக்காற்று வீசும் நாளில் அலை முரடாக இருக்கும். பெண்கள் மேலாடையில்லாமல் வெயில் காய்வது இங்கே சகஜம், கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். அதே சமயம் நீச்சல் உடையோடு ஊர்த் தெருவில் நடப்பதை யாரும் விரும்புவதில்லை. வறட்சி ஆண்டுகளில் கடற்கரைக் குளியல் குழாய்களை மூடிவிடுவதும் நடந்திருக்கிறது. ஒரு பாட்டில் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

ஒரே ஒரு செலவு செய்யலாம் என்றால் கயாக் பயணத்தைச் சொல்வேன். புர்ரியானாவிலிருந்து வழிகாட்டியோடு குழுவாகக் கிளம்பி, பாதுகாக்கப்பட்ட மாரோ பாறைக்கரையை ஒட்டிப் போவார்கள். மலையிலிருந்து விழும் அருவி நேரே கடலில் கலக்கும் இடம்வரை. காலைக் குழுவில் சேருங்கள், மதியத்துக்குமேல் காற்று கூடிவிடும்.

சீயார் ஆற்றுப் படுகைக்குள் தண்ணீரிலேயே நடக்கும் பாதை பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். அதை நீண்ட காலம் மூடி வைத்திருந்தார்கள். பால்கனி அருகிலுள்ள சுற்றுலா அலுவலகத்தில் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

சாப்பாடு

மதிய உணவு இரண்டு முதல் நாலுவரை, இரவு உணவு எட்டரைக்குமேல். ஆறு மணிக்குப் பசிக்கிறவர்களுக்குச் சுற்றுலாக் கடைகள்தான். மதியத்தில் "மெனு தெல் தியா" கேளுங்கள்; இரண்டு பதார்த்தம், இனிப்பு, பானம் எல்லாம் சேர்த்து ஒரே விலை, இரவைவிட நன்றாகவே மலிவு.

மீன் சாப்பிடுகிறவர்கள் எஸ்பெத்தோவை விடக்கூடாது. புர்ரியானாவில் மணல் நிரப்பிய பழைய படகுக்குள் விறகு எரியும். ஐந்தாறு மத்தி மீன்களை முதுகெலும்புக்குக் கீழாக ஒரே குச்சியில் கோத்து, கல் உப்பைத் தூவி, குச்சியை மணலில் சாய்வாகக் குத்தி நிறுத்துவார்கள். புகை படாமல் அனல் மட்டும் பட வேண்டும் என்பதால் காற்று திரும்பினால் குச்சியையும் இடம் மாற்றுவார்கள். தோல் வெடித்து எண்ணெய் சொட்டத் தொடங்கியதும் தட்டுக்கு வரும். கையால்தான் சாப்பிட வேண்டும், கத்தி முள்கரண்டி வைத்துப் போராடுகிறவர்களை ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

சைவர்களுக்கு வழி இருக்கிறது, கொஞ்சம் வாய் திறக்க வேண்டும். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் சூரை மீன் போட்ட சாலட் வரக்கூடும், ஹாம் தூவிய சூப்பும் வரும். "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்" என்று இறைச்சி, மீன், ஹாம் மூன்றையும் தனித்தனியாக மறுத்துச் சொல்லுங்கள். முதலில் கேட்க வேண்டியது, கத்தரிக்காயை மெல்லிய துண்டாக நறுக்கி மாவில் புரட்டிப் பொரித்து, மேலே கரும்புத் தேனை ஊற்றித் தருவதை. "பெரென்ஹேனாஸ் கோன் மியேல் தே கான்யா" என்று பட்டியலில் இருக்கும். கரும்பின் மூன்றாம் தடம் இந்தத் தட்டில்தான். ஆறினால் மொறுமொறுப்பு போய்விடும், வந்தவுடன் கை வையுங்கள். அடுத்தது அஹோபிளாங்கோ: பாதாம், பூண்டு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய் அரைத்த வெள்ளைக் குளிர்சூப், மேலே திராட்சை. காலைக்குத் தக்காளி விழுதும் எண்ணெயும் தடவிய ரொட்டி எல்லாக் காபிக்கடையிலும் உண்டு. பல பார்களில் பானத்தோடு ஒரு சின்னத் தட்டு இலவசமாக வரும். சைவம் என்று முன்கூட்டியே சொன்னால் ஆலிவோ சீஸோ தருவார்கள்.

சில்லறை விஷயங்கள்

கார்டு எங்கும் செல்லும், பேருந்துக்கும் கடற்கரைச் சாய்வு நாற்காலிக்கும் சில்லறை வைத்திருங்கள். சின்னக் கடைகள் மதியம் இரண்டு முதல் ஐந்துவரை அடைத்திருக்கும். குழாய் நீரைக் குடிக்கலாம். அவசரத்துக்கு 112. ஆங்கிலம் பெரும்பாலும் செல்லுபடியாகும், ஆனாலும் கடைக்குள் நுழைந்ததும் "ஓலா" சொல்லாமல் நேரே விலை கேட்பது மரியாதை இல்லை.

திரும்பும் நாள்

மாலகா பேருந்துச் சீட்டை முந்தின நாளே எடுத்துவிடுங்கள். கோடையில் ஞாயிறு மாலைப் பேருந்துகள் நிறைந்துவிடும், நின்றுகொண்டு போக விடமாட்டார்கள். விமான நிலையத்துக்கு நேரே போகும் பேருந்து நாளுக்குச் சிலதான் என்பதால் அதன் நேரம் உங்களுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் மாலகா போய் ரயில் மாறுங்கள். இரண்டிலும் விமானத்துக்கு நாலரை மணி நேரம் முன்பே நெர்ஹாவை விட்டுக் கிளம்பினால் பதற்றம் இருக்காது. ஷெங்கன் எல்லைக்கு வெளியே போகும் விமானம் என்றால் பாஸ்போர்ட் வரிசைக்கு இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை 2025 அக்டோபரில் தொடங்கியதிலிருந்து அந்த வரிசை முன்புபோல வேகமாக நகர்வதில்லை.